அடுத்தவர் கணக்கு நோட்டில் இருந்த சாட்சி: ஒரு சுயதொழில் மெக்கானிக்கின் பிஆர் விண்ணப்பம்

2024 பிப்ரவரியில் ஒரு சாயங்காலம் அந்தத் தம்பி என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு கட்டைப்பை. உள்ளே ஏழு பில் புக். இரண்டு மாதத்துக்கு முன் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் கொருக்குப்பேட்டையில் இருந்த அவருடைய பட்டறைக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அதில் ஊறி, பிறகு வெயிலில் காய்ந்து, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி அட்டை மாதிரி ஆகியிருந்தன. நீல மை முழுக்கக் கரைந்திருந்தது. "இதை வெச்சு ஏதாவது பண்ண முடியுமாணா?" என்று கேட்டார். கனடாவுக்கு நிரந்தர வசிப்புரிமை, எல்லோரும் சொல்கிற பிஆர், அதற்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றார்.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் கணக்கு எழுதுபவன். லேத் பட்டறை, மளிகைக்கடை, ஐஸ் கம்பெனி என்று சிறு தொழில் செய்கிறவர்களுக்கு வருமான வரி, ஜிஎஸ்டி பார்ப்பது என் வேலை. குடியேற்ற ஆலோசகன் கிடையாது. கனடா விண்ணப்பத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்ல, அந்த நாட்டு வழக்கறிஞராகவோ உரிமம் பெற்ற ஆலோசகராகவோ இருக்க வேண்டும். அதை முதல் நாளே சொல்லிவிட்டேன். விண்ணப்பத்தை அவரே நிரப்பினார். அவருடைய தொழில் நடந்தது என்று காட்டும் கணக்கை மட்டும் நான் சேர்த்துக் கொடுத்தேன். அந்தக் கணக்கைச் சேர்த்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இல்லை.

பி.இ. மெக்கானிக்கல் படித்தவர். படித்து முடித்ததும் காசிமேட்டில் ஐஸ் கம்பெனி மெஷின் பார்த்துக்கொண்டிருந்த தாய்மாமனோடு கூடமாட நின்றார். சம்பளம் என்று ஒன்றும் இல்லை, கைச்செலவுக்குக் காசு. 2018இல் மாமா தவறிப்போனதும் வாடிக்கைகள் இவர் கைக்கு வந்தன. அம்மோனியா கம்ப்ரசர், கண்டென்சர், குளிர்பதனக் கிடங்குகளின் கூலிங் யூனிட் எல்லாம் இறக்கி, பிரித்து, சரிசெய்து ஏற்றுவார். நடுவே வீடுகளுக்கு ஏசி சர்வீஸும் போவார். கூட ஒரு ஹெல்பர். வேலையில் சுத்தம் என்று காசிமேட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அந்த நற்பெயரில் ஒரு வரிகூட எந்தக் காகிதத்திலும் இல்லை.

சம்பளத்துக்கு வேலை செய்தவருக்கு இந்த விண்ணப்பத்தில் ஒரே ஒரு கடிதம் போதும். கம்பெனி லெட்டர்ஹெட்டில் பதவி, செய்த வேலை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்ன சம்பளம் என்று எழுதி மனிதவளத் துறை கையெழுத்துப் போட்டுவிடும். சுயதொழில் செய்கிறவருக்குக் கையெழுத்துப் போட மேலே யாரும் கிடையாது. தானே போட்டுக்கொள்ளவும் முடியாது. கனடா குடியேற்றத் துறை இதைத் தெளிவாகவே சொல்கிறது: தொழில் தன்னுடையது என்பதற்கும், அதில் வருமானம் வந்தது என்பதற்கும் ஆதாரம் வேண்டும். அதோடு, என்ன சேவை செய்தார், எவ்வளவு பணம் கொடுத்தோம் என்று மூன்றாம் நபர்கள் தரும் ஆவணங்களும் வேண்டும். "நான் இந்த வேலையெல்லாம் செய்தேன்" என்று தானே எழுதிக்கொள்வதும் உறுதிமொழிப் பத்திரமும் ஏற்கப்படாது.

இவர் என்னிடம் வருவதற்கு முன்பே ஐகோர்ட் வாசலில் முத்திரைத்தாளில் டைப் அடித்து, நோட்டரி சீல் வைத்து ஒரு பத்திரம் தயாராக வைத்திருந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. நம் ஊரில் அந்தச் சீலுக்கு இருக்கிற மதிப்பு அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இந்த விண்ணப்பத்தில் அது செல்லாது.

எந்தக் கதவு

பெயரைப் பார்த்து ஏமாந்துபோகிற இடம் ஒன்று இருக்கிறது. கனடாவில் 'சுயதொழில் செய்வோர் திட்டம்' என்றே ஒன்று இருந்தது. ஏஜென்ட் ஒருவர் இவரிடம் அதைத்தான் முதலில் சொல்லியிருக்கிறார். ஆனால் அது கலை, பண்பாடு, விளையாட்டுத் துறைகளில் இருப்பவர்களுக்கானது. கம்ப்ரசர் மெக்கானிக்குக்கு அதில் இடமே இல்லை. போதாததற்கு 2024 ஏப்ரல் 30 முதல் அதில் புது விண்ணப்பம் வாங்குவதையும் நிறுத்திவிட்டார்கள். இவர் பணம் கட்டியிருந்தால் அது போயிருக்கும்.

இன்னொன்று, தொழிற்கலைஞர்களுக்கான கூட்டாட்சித் திட்டம். அதற்குக் கனடாவில் வேலை உறுதிக் கடிதமோ, ஏதாவது ஒரு மாகாணத்தின் தொழில் தகுதிச் சான்றோ கையில் இருக்க வேண்டும். இரண்டும் இல்லை. மிச்சம் இருந்தது எக்ஸ்பிரஸ் என்ட்ரியில், அதாவது மதிப்பெண் வரிசைப்படி சுற்றுச் சுற்றாக அழைக்கிற முறையில், திறன்மிகு தொழிலாளர் பிரிவு. வெளிநாட்டில் செய்த சுயதொழில் அனுபவத்தை இந்தப் பிரிவு ஏற்றுக்கொள்கிறது. கனடாவுக்குள்ளேயே செய்த சுயதொழிலை கனடிய அனுபவப் பிரிவு ஏற்காது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அங்கே போய் ஊபர் ஓட்டிவிட்டு அதைக் கணக்கில் காட்டலாம் என்று நினைக்கிற பிள்ளைகள் நிறைய.

அடுத்தது தொழில் குறியீடு. அங்கே அதை என்ஓசி என்கிறார்கள். நம் ஊரில் என்ஓசி என்றால் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குளிர்பதன, ஏசி மெக்கானிக்குக்கு 72402. வீட்டுச் சாதனங்களைப் பழுதுபார்க்கிறவர்களுக்கு 72421 என்று தனியாக ஒன்று. முதலாவது, தொழிற்கலைஞர்களுக்கென்று தனியாக நடத்தும் அழைப்புச் சுற்றுகளின் பட்டியலில் இருந்தது. அதனால் இவர் செய்த வேலையில் பெரும்பகுதி ஐஸ் கம்பெனியும் குளிர்கிடங்கும்தான் என்று காகிதத்தில் தெரிய வேண்டும். வீட்டு ஃப்ரிட்ஜ் பில்கள் எத்தனை அடுக்கினாலும் உதவாது. சொல்லப்போனால் வழி தவறவிட்டுவிடும்.

435

மதிப்பெண் கணக்கையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஆதாரத்தின் விலை என்ன என்று அதில்தான் புரிகிறது. அவருக்கு 2024 ஜனவரியில் 30 முடிந்தது. மனைவியும் ஒரு குழந்தையும் உண்டு. மனைவியின் அக்கா கனடாவில் ஸ்கார்பரோவில் பிஆர் வாங்கி இருக்கிறார். தம்பி ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வை மூன்று தடவை எழுதினார். முதல் இரண்டு தடவையும் ரைட்டிங்கில் 6.5. மூன்றாவது தடவைதான் 7 வந்தது. அந்த அரை பேண்டுக்கு என்ன மதிப்பு என்று உட்கார்ந்து கூட்டிப் பார்த்தோம்: 44 மதிப்பெண். கனடாவின் மொழி அளவுகோலில் நான்கு திறனிலும் ஒன்பதாம் நிலை (ரைட்டிங்கில் அது 7) வந்தால்தான் படிப்புக்கும் அனுபவத்துக்கும் சேர்த்துத் தருகிற கூடுதல் மதிப்பெண் முழுதாக வரும். இரவு பத்து மணிக்கு மேல் பட்டறையை மூடிவிட்டு வந்து எழுதிப் பழகியவர். இதில் யாருக்காவது பாராட்டு என்றால் அவருக்குத்தான்.

வயதுக்கு 95. பட்டத்துக்கு 112. ஆங்கிலத்துக்கு 116. மனைவியின் படிப்புக்கு 8, மனைவியின் ஆங்கிலத்துக்கு 14. பட்டமும் ஆங்கிலமும் சேர்ந்து 25. வெளிநாட்டு அனுபவமும் ஆங்கிலமும் சேர்ந்து 50. அங்கே இருக்கும் மைத்துனிக்கு 15. ஆக 435.

அந்த 50 வேண்டுமானால் மூன்று வருட அனுபவம் காட்ட வேண்டும். இரண்டு வருடம்தான் காட்ட முடிந்தால் 25. மொத்தம் 410க்கு இறங்கிவிடும். அனுபவத்தையே நிரூபிக்க முடியவில்லை என்றால் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசவே தேவையில்லை, விண்ணப்பம் நிராகரிக்கப்படும். ஆறு வருடம் வேலை செய்த மனிதர், ஆனால் மூன்று வருடத்தை மாதம் மாதமாகக் காட்ட முடியுமா என்பதுதான் கேள்வியாக இருந்தது. அதுவும் முழுநேர வேலை, அதாவது வாரத்துக்கு 30 மணி நேரம், வருடத்துக்கு 1,560 மணி நேரம்.

எங்கே தேடினோம்

பில் புக்கை ஒதுக்கி வைத்தோம். நனையாமல் இருந்திருந்தாலும் அதற்கு மதிப்பு குறைவுதான், அவர் கையால் அவரே எழுதிய பில்கள் அல்லவா. அவர் கை படாத இடத்தில் அவர் பெயர் எங்கெல்லாம் இருக்கிறது என்று யோசிக்க ஆரம்பித்தோம்.

முதலில் கிடைத்தது வருமான வரித் துறையின் படிவம் 26ஏஎஸ், நம் பெயரில் பிடித்துக் கட்டப்பட்ட வரியின் பட்டியல். அதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மூச்சு வந்தது. இவருடைய வாடிக்கையாளர்களில் ஒரு குளிர்கிடங்கு கம்பெனி, ஒரு இறால் ஏற்றுமதி கம்பெனி, இரண்டும் சட்டப்படி நடக்கிறவை. ஒப்பந்த வேலைக்குப் பணம் கொடுக்கும்போது 194சி பிரிவின் கீழ் 1 சதவீதம் வரி (டிடிஎஸ்) பிடித்துக்கொண்டு மிச்சத்தை வங்கியில் போட்டுவிடுவார்கள். இவருக்கு அந்தப் பிடித்தம் ஒரு எரிச்சலாகவே இருந்திருக்கிறது. "பாதிப் பார்ட்டி புடிக்கிறதில்ல, இவங்க மட்டும் புடிப்பாங்கணா" என்று குறைபட்டுக்கொண்டிருந்தார். 2021-22ஆம் நிதியாண்டில் மட்டும் குளிர்கிடங்கு கம்பெனி கொடுத்தது 4,20,000, பிடித்தது 4,200. எந்தத் தேதியில், யார், எந்தப் பிரிவில், எவ்வளவு கொடுத்தார்கள் என்று வரிவரியாக அரசாங்கக் கணக்கில் உட்கார்ந்திருந்தது. இதை இவரும் மாற்ற முடியாது, நானும் மாற்ற முடியாது.

சிறு தொழில் செய்கிற ஒவ்வொருவரிடமும் நான் இதைச் சொல்ல விரும்புகிறேன்: டிடிஎஸ் பிடிக்காத பார்ட்டிதான் நல்ல பார்ட்டி என்று நினைக்காதீர்கள். உங்கள் பான் எண்ணில் ஏறுகிற ஒவ்வொரு வரியும், நீங்கள் வேலை செய்தீர்கள் என்பதற்கு வேறு ஒருவர் சொல்லும் சாட்சி.

அப்புறம் வங்கிக் கணக்கு. 41 மாத ஸ்டேட்மென்டை எடுத்து ஒவ்வொரு வரவுக்கும் எதிரே பார்ட்டி பெயர், செய்த வேலை என்று பென்சிலால் குறித்தோம். ஜிபேயில் வந்த சின்னத் தொகைகள் பெரும்பாலும் வீட்டு ஏசி சர்வீஸ். அவற்றைத் தனியாகப் பிரித்தோம். பாரிமுனைப் பக்கம் ஸ்பேர் பார்ட்ஸும் கேஸ் சிலிண்டரும் வாங்கிய கடையில் இவர் பெயருக்குப் போட்ட பில்களின் நகல் கேட்டோம். கடைக்காரர் கம்ப்யூட்டரில் போட்டிருந்ததால் அரை மணி நேரத்தில் அடித்துக் கொடுத்துவிட்டார். தொழில் இவருடையது என்பதற்கு 2021இல் எடுத்த, சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவும் மாநகராட்சி வணிக உரிமமும் பட்டறையின் வாடகை ஒப்பந்தமும் இருந்தன. ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்தைத் தொடாததால் ஜிஎஸ்டி பதிவு தேவைப்படவில்லை; அது ஏன் இல்லை என்று விளக்கக் கடிதத்தில் ஒரு வரி எழுதினோம்.

வரவுகளை மாதவாரியாக அடுக்கியபோது ஒரு சிக்கல் தெரிந்தது. ஏப்ரல், மே, ஜூனில் தொகை இரண்டு மடங்கு. மழைக்காலத்தில் பாதி. காசிமேட்டைத் தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, ஐஸ் ஓடாது. அப்போதுதான் ஐஸ் கம்பெனிகள் மெஷினை நிறுத்தி ஓவர்ஹால் செய்வார்கள். இவருக்கு அது தூங்க நேரமில்லாத காலம். ஒட்டாவாவில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு இது எப்படித் தெரியும்? இடையிடையே வேலை இல்லாமல் இருந்தார் என்று நினைத்துவிட்டால் முழுநேர அனுபவம் அடிபட்டுவிடும். அதனால் தடைக்காலத்தைப் பற்றி நான்கு வரி எழுதி, மற்ற மாதங்களுக்குக் குளிர்கிடங்கின் ஆண்டுப் பராமரிப்பு (ஏஎம்சி) ஒப்பந்தத்தையும் அதன் வருகைப் பதிவையும் வைத்தோம். வாரம் நான்கு நாள் கட்டாயம் போக வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது.

ஓனர் கையெழுத்து

இதுவரைக்கும் எளிது. கடினமானது ஐஸ் கம்பெனிகள். இவருடைய வேலையின் உயிர் அங்கேதான், ஆனால் கூலி முழுக்க ரொக்கம். இரண்டு கம்பெனியில் ஒன்றின் ஓனருக்கு எழுபது வயது இருக்கும். நானும் தம்பியும் போனோம். டீ வாங்கிக் கொடுத்தார், மாமாவைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். கடிதம் என்றதும் முகம் மாறிவிட்டது.

"இந்தப் பையன் அவங்க மாமன் காலத்துல இருந்து நம்ம மெஷின பாக்குறான். எனக்கும் தெரியும், ஊருக்கே தெரியும். கையெழுத்து மட்டும் கேக்காதீங்க சார். நாளைக்கு இன்கம்டாக்ஸ்ல வந்து ஏன் கேஷா குடுத்தேன்னு கேட்டா யாரு பதில் சொல்றது?"

அவர் பயத்தில் நியாயம் இருந்தது. அதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தப் பக்கத்தில் காகிதம் என்றாலே தொல்லையைக் கொண்டுவரும் பொருள் என்றுதான் பெரியவர்கள் பழகியிருக்கிறார்கள். வற்புறுத்தாமல் அவருடைய கணக்குப்பிள்ளையிடம் ரொக்க நோட்டைப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டேன். பார்த்தால், வவுச்சர் ஒவ்வொன்றும் இருக்கிறது! கம்பிக் கோப்பில் வருடவாரியாகக் குத்தி வைத்திருந்தார். "கம்ப்ரசர் வால்வு பிளேட் மாத்தின கூலி 4,500", "கண்டென்சர் டியூப் கழுவினது 3,000" என்று எழுதி, கீழே தம்பியின் கையெழுத்து. 5,000க்கு மேல் போன இடங்களில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேல் கையெழுத்து.

ஓனரிடம் திரும்பிப் போய்ச் சொன்னேன்: ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால்தான் அந்தச் செலவை வரிக் கணக்கில் ஏற்க மாட்டார்கள். உங்கள் கணக்குப்பிள்ளை ஒரு தடவைகூட அதைத் தாண்டவில்லை. நீங்கள் பயப்பட ஒன்றுமில்லை, உங்கள் ஆடிட்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அவர் கேட்டார். ஒரு வாரம் ஆனது. பிறகு லெட்டர்ஹெட்டில், எந்த வருடத்திலிருந்து, என்னென்ன வேலை, வருடத்துக்கு எவ்வளவு கூலி, தொடர்புக்கு எந்த எண் என்று எழுதிய கடிதத்தில் சீல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். கொடுக்கும்போது தம்பியின் தலையில் கை வைத்தார்.

தமிழ் வவுச்சர்களை அப்படியே அனுப்ப முடியாது. 112 வவுச்சரையும் சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் ஆக்கினோம். அவருக்கு 'ஐஸ் பார்', 'கேன் தூக்குற கிரேன்' என்பதெல்லாம் என்னவென்று தம்பி பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார்.

இரண்டாவது ஐஸ் கம்பெனி கடைசி வரை கடிதம் தரவில்லை. அதைச் சேர்க்காமல் விட்டோம்.

இந்த அலைச்சலுக்கு நடுவே ஒரு ஏஜென்ட் போன் செய்தார். இரண்டரை லட்சம் கொடுத்தால் ஒரு ஏசி கம்பெனியில் ஐந்து வருடம் சம்பளத்துக்கு இருந்த மாதிரி கடிதம், பே ஸ்லிப் எல்லாம் வாங்கித் தருகிறேன் என்றார். தம்பிக்குச் சபலம் வந்ததை நான் குறை சொல்ல மாட்டேன். உண்மையை நிரூபிக்க இவ்வளவு பாடு, பொய்க்கு ஒரே வாரம் என்றால் யாருக்கும் தோன்றும். ஆனால் பொய்யான ஆவணம் பிடிபட்டால் அந்த நாட்டுச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி ஐந்து வருடத் தடை. குடும்பத்தோடு விண்ணப்பிக்கிறார். அதைவிட எனக்குத் தோன்றியது வேறு: ஆறு வருடம் அம்மோனியா நெடியில் நின்று செய்த வேலையை அவரே இல்லை என்று எழுதிக் கொடுப்பது போல ஆகிவிடும் அது. அன்றைக்கு ராத்திரி அவர் மனைவிதான் முடிவு எடுத்தார். வேண்டாம் என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நான் செய்த இரண்டு தவறு

2024 மே மாதம் அவர் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் விவரப்பதிவைப் போட்டார். 2021 ஜூலையிலிருந்து எங்களிடம் எல்லாம் வலுவாக இருந்தது. ஆனால் மே மாதக் கடைசிக்கு அது 35 மாதம்தான். ஒரு மாதம் குறைகிறது. 2021 மே, ஜூன் ஊரடங்கில் போனதால் அதைச் சேர்க்கவில்லை. அதற்கு முந்தைய நான்கு மாதத்தை, ஜனவரி முதல் ஏப்ரல் வரை, சேர்த்தால் 39 ஆகும், 435 வந்துவிடும் என்று நான் சொன்னேன். அதில் முதல் மூன்று மாதம் 2020-21 நிதியாண்டில் வருகிறது; அந்த ஆண்டுக்கு அவர் வருமான வரிப் படிவம் போட்டிருக்கவில்லை. கெடு முடிந்த பிறகு போடுகிற ஐடிஆர்-யு படிவத்தைப் போடலாமா என்று மார்ச்சிலேயே பார்த்தேன். அவருக்கு வரி எதுவும் இல்லை, பிடித்த டிடிஎஸ் திரும்ப வர வேண்டும் என்ற நிலை. பணம் திரும்பக் கேட்பதற்கு அந்தப் படிவத்தைப் போட முடியாது. சரி, 26ஏஎஸ் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

ஒரு மாதம் பொறுத்திருந்தால் ஜூன் முடிவில் 36 மாதம் முழுதாக வந்திருக்கும். பலவீனமான அந்த நான்கு மாதத்தை அனுபவக் கணக்கில் இழுத்து வந்திருக்கவே வேண்டாம். ஆறு வருடக் கதையையும் சுயவிவரத்தில் உள்ளபடி சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் மதிப்பெண்ணுக்காகக் கோருவது நிரூபிக்க முடிந்ததை மட்டும் இருக்க வேண்டும். இது முதல் தவறு.

ஜூலை 4ஆம் தேதி தொழிற்கலைஞர்களுக்கான சுற்று வந்தது. 1,800 பேருக்கு அழைப்பு. கடைசி மதிப்பெண் 436. ஒரு மதிப்பெண்ணில் போயிற்று. அன்றைக்கு அவர் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. அடுத்த ஜனவரியில் 31 முடிந்தால் வயதுக்கு 5 குறையும், 430தான் நிற்கும். மனைவி இன்னொரு தடவை ஐஇஎல்டிஎஸ் எழுதத் தயாரானார். அதற்குள் அக்டோபர் 23 வந்தது. மறுபடி 1,800 பேர், கடைசி மதிப்பெண் 433. அழைப்பு வந்துவிட்டது.

அதிலிருந்து 60 நாள். ஆவணம் எல்லாம் முன்பே தயாராக இருந்ததால்தான் தப்பித்தோம். அழைப்பு வந்த பிறகு தேட ஆரம்பித்திருந்தால், அந்த ஓனர் கையெழுத்து ஒன்றுக்கே ஒரு மாதம் போயிருக்கும். மூன்று பேர் குடும்பத்துக்குக் கையிருப்பாக 22,483 கனடிய டாலர் காட்ட வேண்டியிருந்தது, அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 14 லட்சம் ரூபாய். பாதி அவர் சேமிப்பு, பாதி மாமனார் கொடுத்தது. அதற்குத் தானப் பத்திரமும் மாமனாரின் வங்கி விவரமும் வைத்தோம். கட்டணம் அப்போது பெரியவர்களுக்குத் தலா 1,525 டாலர், குழந்தைக்கு 260. டிசம்பர் நடுவில் சமர்ப்பித்தார்.

2025 ஏப்ரலில் கேள்வி வந்தது. 2021ஆம் ஆண்டின் சுயதொழிலுக்கும் வருமானத்துக்கும் கூடுதல் ஆதாரம் தர வேண்டும், 30 நாளில்.

உட்கார்ந்து படித்தபோதுதான் என் இரண்டாவது தவறு தெரிந்தது. 2021-22க்கு வேறு ஒருவர் போட்டுக் கொடுத்த ஐடிஆர்-4 என்ற வருமான வரிப் படிவம் இருந்தது. விற்றுமுதல் 11,40,000. 44ஏடி பிரிவின்படி அதில் 8 சதவீதத்தை வருமானமாகக் காட்டியிருந்தார்: 91,200 ரூபாய். எனக்கு அது தினமும் பார்க்கிற எண். சிறு வியாபாரிகளுக்கு இருக்கும் உத்தேச வரி முறை அது, கணக்குப் புத்தகம் இல்லாமல் குறைந்தபட்ச விகிதத்தில் வருமானத்தைக் காட்டிவிடலாம். வெளிநாட்டு அதிகாரியின் கண்ணுக்கு எப்படித் தெரியும்? முழுநேரம் வேலை செய்த ஒரு மெக்கானிக் வருடம் முழுக்க 91,200 ரூபாய்தான் சம்பாதித்தான் என்று. டாலரில் பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. யாராக இருந்தாலும் சந்தேகம் வரும். முதல் விண்ணப்பத்திலேயே இதை விளக்கியிருக்க வேண்டியவன் நான்.

பதிலில் மூன்று விஷயம் செய்தோம். ஐடிஆர் படிவத்தில் விற்றுமுதல் எந்த வரியில் இருக்கிறது, உத்தேச வருமானம் என்றால் என்ன என்று ஒரு பக்கத்தில் எளிய ஆங்கிலத்தில் ஒரு பட்டயக் கணக்காளரிடம் விளக்கம் வாங்கினோம். ஜனவரி முதல் ஏப்ரல் வரைக்கும் 26ஏஎஸ்ஸில் இருந்த ஒவ்வொரு வரவையும் வங்கி ஸ்டேட்மென்டில் அதே தொகை வந்த வரியோடு இணைத்துக் காட்டினோம். குளிர்கிடங்கு கம்பெனி தன் லெட்ஜரில் இவர் பெயரில் இருந்த பக்கங்களை ஆடிட்டர் கையெழுத்தோடு கொடுத்தது. இறால் கம்பெனி மேலாளர், பழைய கடிதத்தோடு, அந்த நான்கு மாதம் எந்தெந்த நாள் கேட்டுக்குள் வந்தார் என்ற செக்யூரிட்டி பதிவேட்டின் நகலையும் தானாகவே சேர்த்து அனுப்பினார். நாங்கள் கேட்கவே இல்லை.

ஜூலையில் பாஸ்போர்ட் கேட்டு மின்னஞ்சல் வந்தது. செப்டம்பரில் மூன்று பேரும் போய்விட்டார்கள்.

அங்கே போன பிறகு

பிஆர் கையில் இருந்தாலும் ஒன்டாரியோவில் இவர் உடனே கம்ப்ரசரைத் தொட முடியாது. குளிர்பதன மெக்கானிக் வேலை, 313ஏ என்ற வகை, அங்கே கட்டாயச் சான்றுத் தொழில். அதற்குத் தொழில் சமநிலை மதிப்பீடு செய்து தேர்வு எழுத வேண்டும். அந்த மதிப்பீட்டுக்கும் செய்த வேலைக்கான ஆதாரம் கேட்கிறார்கள். இந்தத் தொழிலில் பயிற்சிக் காலமே ஏறக்குறைய 9,000 மணி நேரம். நாங்கள் காட்டிய மூன்று வருடத்துக்கு மாதம் மாதமாகக் கூட்டினால் அதில் பாதியைச் சற்றுத் தாண்டுகிறது. இப்போதைக்கு ஒரு கிடங்கில் வேறு வேலை பார்க்கிறார்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசினார். "அந்த 2018, 19, 20 வவுச்சர் எல்லாம் இப்ப வேணும்ணா. ஐஸ் கம்பெனில இருக்குமா?" என்றார். மறுநாள் காலையில் கணக்குப்பிள்ளைக்குப் போன் செய்தேன். 2019இலிருந்து எல்லாம் மாடியில் தகரப் பெட்டியில் இருக்கிறது, 2018 மட்டும் தேட வேண்டும் என்றார். கூரையில் ஒரு இடத்தில் ஒழுகுகிறது, மழை பிடிப்பதற்குள் வந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். மத்தியானமே வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அந்தக் கட்டைப்பையை எடுத்து வைத்தேன்.